முதல் ஒப்பம் மட்டும் முறிந்தது ஏன்? மூவர் கையொப்பமிடும் மின்படிவம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு நிறுவனம் தன் கொள்முதல் கோரிக்கைப் படிவத்தைத் தாளிலிருந்து பிடிஎஃப் மின்படிவமாக மாற்றியது. முதலில் எக்ஸ்எஃப்ஏ என்ற, எக்ஸ்எம்எல் அடிப்படையிலான படிவ வகையில் ஒரு வரைவு தயாரானது. பல வாசிப்பு மென்பொருள்களில் அது திறக்கவே இல்லை. 2017-இல் வெளிவந்த பிடிஎஃப் 2.0 தரமும் அந்த வகையைக் கைவிட வேண்டியதாகவே குறிப்பதால், படிவம் பிடிஎஃப்பின் சொந்தப் படிவ வகையான அக்ரோஃபார்மில் மறுபடி செய்யப்பட்டது.

படிவத்தில் மூவர் ஒப்பமிட வேண்டும். கோருபவர் பொருள், அளவு, விலை ஆகியவற்றை நிரப்பி ஒப்பமிடுவார். துறைத் தலைவர் ஒப்புதல் தொகையையும் குறிப்பையும் எழுதி ஒப்பமிடுவார். கணக்கு அலுவலர் செலவுத் தலைப்பு எண்ணைச் சேர்த்துக் கடைசியில் ஒப்பமிடுவார். ஒப்பமிடுபவர் யார் என்று காட்டும் மின்சான்றிதழ், கணினியில் செருகும் யுஎஸ்பி டோக்கனில் மூவருக்கும் தனித்தனியே இருந்தது.

தொடக்கத்தில் செய்திருந்த அமைப்பு எளிமையானது. படிவத்தில் நிரப்பும் கட்டத்தைப் புலம் என்பார்கள். அடோபியின் அக்ரோபேட் மென்பொருளில் கையொப்பப் புலத்தின் பண்புகளைத் திறந்தால், ஒப்பமிட்டபின் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் டேப் ஒன்று இருக்கும். எதையும் பூட்டாதே, எல்லாப் புலங்களையும் பூட்டு, குறிப்பிட்டவை தவிர மற்றவற்றைப் பூட்டு, குறிப்பிட்டவற்றை மட்டும் பூட்டு என்ற தேர்வுகள் அதில் உண்டு. முதல் ஒப்பத்துக்குக் கோருபவரின் புலங்களை மட்டும் பூட்டும்படி வைத்தார்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ‘எல்லாப் புலங்களும்’ என்று வைத்தார்கள். ஒப்பமிட்ட நேரத்துக்கு வெளிச் சர்வர் ஒன்று சாட்சி சொல்லும் நேரமுத்திரை சேர்க்கப்படவில்லை. வடிவமைத்தவர் மூன்று டோக்கன்களையும் தன் மேசையில் வைத்து, ஒரே மதியத்தில் முழுச் சுற்றையும் சோதித்தார். மூன்று ஒப்பங்களும் சரியெனக் காட்டின. படிவம் பயன்பாட்டுக்கு வந்தது.

முதலில் தென்பட்டவை

சில வாரங்களில் கணக்குப் பிரிவிலிருந்து புகார் வந்தது. தங்களிடம் வரும் படிவங்கள் சிலவற்றில் கோருபவரின் ஒப்பம், ‘ஒப்பமிட்டபின் ஆவணம் மாற்றப்பட்டுள்ளது’ என்ற எச்சரிக்கையோடு செல்லாததாகக் காட்டியது. துறைத் தலைவரின் ஒப்பமோ நன்றாகவே இருந்தது.

இதில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. முதல் ஒப்பத்துக்குப் பிறகு கோப்பைத் தொட்டவர் துறைத் தலைவர் ஒருவர்தான். மென்பொருள் ‘மாற்றப்பட்டுள்ளது’ என்கிறது. ஆகவே தொகையைத் திருத்தியவர் அவர்தானோ என்ற ஐயம் எழுந்தது. ஒரு கோரிக்கை அந்த ஐயத்தின்பேரில் நிறுத்தியும் வைக்கப்பட்டது. ஒப்ப அமைப்பில் நேரும் பிழை, நேர்மையாக வேலை செய்தவரைக் குற்றவாளியாகக் காட்டக்கூடும். இந்த நிகழ்வைப் பதிவு செய்வதற்கு முக்கியக் காரணம் இதுவே.

அதே காலத்தில் வேறு மூன்று கோளாறுகளும் தெரியவந்தன. சில கோப்புகளில் ஒப்பத்தின் படம் இருந்தது, ஒப்பமே இல்லை. ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதிகளில் மூன்று ஒப்பங்களுமே செல்லாதவையாகக் காட்டின. பழைய கோப்புகள் சிலவற்றில் ஒப்பம் ‘நிலை தெரியவில்லை’ என வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். நான்குக்கும் நான்கு காரணங்கள் இருந்தன.

எப்படிப் பிரித்துப் பார்த்தார்கள்

பிடிஎஃப் ஒப்பம் முறிவது இரண்டு வகை. இவற்றைப் பிரிக்காமல் தேடத் தொடங்கினால் நாள்கள் வீணாகும்.

ஒவ்வொரு ஒப்பமும் கோப்பின் எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை தனக்குக் கட்டுப்பட்டது என்று எழுதி வைத்திருக்கும். பைட்ரேஞ்ச் என்பது அதன் பெயர். ஒப்பம் உட்காரும் இடம் மட்டும் அதில் சேராது. அடுத்தவர் எழுதுவதும் ஒப்பமிடுவதும் பழைய பைட்டுகளைத் தொடாமல் கோப்பின் வாலில் சேர்க்கப்படும். ஆகவே முதல் வகை முறிவில், கட்டுப்பட்ட பைட்டுகளே மாறியிருக்கும், அவற்றிலிருந்து கணிக்கப்படும் சுருக்க எண்ணான ஹாஷ் பொருந்தாது, அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. இரண்டாம் வகையில் பைட்டுகள் அப்படியே இருக்கும். வாலில் சேர்ந்த ஏதோ ஒன்று, பூட்டு அனுமதிக்காத மாற்றமாக இருக்கும். இங்கே ஒப்பமிட்டபோது இருந்த பதிப்பை முழுதாக வெளியே எடுக்கலாம்.

முதல் ஒப்பம் மட்டும் முறிந்த கோப்பை எடுத்து, கையொப்பப் பலகத்தில் அந்த ஒப்பத்தின் மீது வலச் சொடுக்கி, ‘ஒப்பமிட்ட பதிப்பைக் காட்டு’ என்ற கட்டளையைக் கொடுத்தார்கள். திறந்த பதிப்பில் ஒப்பம் செல்லுபடியானது. ஆக, இது இரண்டாம் வகை. அந்தப் பதிப்பையும் இறுதிப் பதிப்பையும் புலம் புலமாக ஒப்பிட்டதில், தொகை எதுவும் மாறவில்லை. பூட்டிய புலங்களில் மாறியிருந்தது ‘நாள்’ என்ற ஒன்றே.

காரணங்கள்

படிவம் திறக்கும்போது அன்றைய தேதியை ‘நாள்’ புலத்தில் இடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஆவணத்தில் இருந்தது. கோருபவர் இன்று ஒப்பமிட்டு, துறைத் தலைவர் நாளை திறந்தால், ஸ்கிரிப்ட் நாளைய தேதியை எழுதிவிடும். அந்தப் புலம் பூட்டப்பட்டதுதான். ஆனால் படிக்க மட்டும் என்ற குறி மனிதர் தட்டச்சு செய்வதைத்தான் தடுக்கிறது. ஸ்கிரிப்ட் மதிப்பை மாற்றுவதைத் தடுப்பதில்லை. மாற்றம் திரையில் நிகழ்ந்தாலும், கோப்பில் எழுதப்படுவது அடுத்த முறை சேமிக்கும்போது, அதாவது துறைத் தலைவர் ஒப்பமிடும் அதே கணத்தில். அவர் ஒப்பமிட்டதால் முறிந்ததுபோல் தோன்றியது இதனால்தான். ஒரே மதியத்தில் நடந்த சோதனையில் தேதி மாறவே இல்லை, பிழையும் வெளிப்படவில்லை. பயன்பாட்டில் ஒரே நாளில் சுற்று முடிந்த படிவங்களும் இதே காரணத்தால் தப்பின.

‘மொத்தம்’ புலத்திலும் இதே அபாயம் பதுங்கியிருந்தது. துறைத் தலைவர் ஒப்புதல் தொகையை எழுதியதும் படிவத்திலுள்ள எல்லாக் கணிப்பு ஸ்கிரிப்டுகளும் வரிசையாக மறுபடி ஓடும். பூட்டிய மொத்தமும் திரும்ப எழுதப்படும். விடை அதே எண்ணாக இருந்தவரை தீங்கு நேரவில்லை. கூட்டும் முறையில் எதிலாவது தசம இடம் ஒன்று மாறியிருந்தாலும் முறிந்திருக்கும்.

படம் மட்டும் இருந்த கோப்புகளின் கதை வேறு. இரண்டாம் ஒப்பம் ‘எல்லாப் புலங்களையும்’ பூட்டியதால் கணக்கு அலுவலரின் செலவுத் தலைப்புப் புலமும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. எழுத முடியாத அலுவலர்கள், மெய்நிகர் அச்சுப்பொறி வழியே படிவத்தைப் புதிய பிடிஎஃப்பாக அச்சிட்டு, அதில் எழுதி ஒப்பமிட்டார்கள். அப்படி அச்சிடும்போது முந்தைய ஒப்பங்களின் தோற்றம்தான் வரும். சான்றிதழ், ஹாஷ் எதுவும் வராது. முதல் சோதனையில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், சோதித்தவர் தொடக்கத்திலேயே எல்லாப் புலங்களையும் நிரப்பிவிட்டு மூன்று ஒப்பங்களையும் அடுத்தடுத்து இட்டதுதான்.

காப்பகப் பிரதிகளில் இருந்தது முதல் வகை முறிவு. ஆவண மேலாண்மை மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் வரவு எண்ணை முத்திரையாகப் பதித்து, கோப்பை முழுவதுமாகத் திரும்ப எழுதியது. பைட்டுகள் இடம் மாறிப்போன பின் எந்த ஒப்பமும் நிற்காது.

‘நிலை தெரியவில்லை’ என்றவற்றில் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. ஒப்பமிட்டபோது அது உயிரோடு இருந்ததற்கு ஆதாரம் கோப்பில் இல்லை. ஒப்பத்தில் தெரியும் நேரம் ஒப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் சொன்னது. அதை யாரும் பின்னுக்குத் தள்ளி வைக்கலாம் என்பதால் சரிபார்க்கும் மென்பொருள் அதைச் சாட்சியாக ஏற்பதில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் ஒரு கருத்து வந்தது: பூட்டுகளையே எடுத்துவிட்டால் எச்சரிக்கை வராதே. வராது என்பது உண்மை. ஆனால் பூட்டில்லாத ஒப்பத்துக்குப் பின் ஒருவர் விலைப் புலத்தை மாற்றினாலும், படிவம் நிரப்புதல் என்ற அனுமதிக்கப்பட்ட மாற்றமாகவே மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். முந்தைய ஒப்பம் செல்லுபடியானதாகவே நிற்கும். யார் எதற்குப் பொறுப்பு என்பதே போய்விடும். ஆகவே பூட்டுகளைக் களையாமல், வேலை நகரும் வரிசைக்கு ஏற்ப மறுபடி வரைந்தார்கள். முதல் ஒப்பம் கோருபவரின் புலங்களை மட்டும் பூட்டும். இரண்டாவது ஒப்புதல் தொகை, குறிப்பு இரண்டை மட்டும். மூன்றாவது செலவுத் தலைப்பை மட்டும். மூவரும் முடித்தபின் சர்வரில் ஓடும் நிரல் நிறுவனத்தின் மின்முத்திரையை, அதாவது நிறுவனத்தின் பெயரிலான ஒப்பத்தை, இடும். எல்லாப் புலங்களையும் பூட்டுவது அது ஒன்றே.

தேதி ஸ்கிரிப்ட் நீக்கப்பட்டது. கோரிக்கை நாளைக் கோருபவரே எழுதுகிறார். ஒப்பமிட்ட நேரத்துக்கு நேரமுத்திரை சாட்சி. மொத்தத்தைக் கூட்டும் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே கோருபவரின் கையொப்பப் புலத்தின் நிலையைக் கேட்கிறது. அக்ரோபேட்டில் வெற்றுப் புலத்துக்கு அந்த நிலை 0. வேறு எந்த எண் வந்தாலும் ஸ்கிரிப்ட் எதையும் எழுதாமல் வெளியேறும்.

வெற்றுப் படிவத்தையே நிறுவனத்தின் சான்றிதழால் சான்றுறுதி செய்வது அடுத்த முடிவு. சான்றுறுதி ஒப்பம் கோப்பின் முதல் ஒப்பமாகத்தான் இருக்க முடியும். அதற்கு மூன்று அனுமதி நிலைகள் உண்டு: 1 என்றால் எந்த மாற்றமும் கூடாது, 2 என்றால் படிவம் நிரப்பலாம், ஒப்பமிடலாம், 3 என்றால் குறிப்புரைகளும் சேர்க்கலாம். நிலை 1 வைத்தால் கோருபவர் ஒரு எழுத்து நிரப்பினாலே முறியும். நிலை 3 இன் ஆபத்து 2021-இல் ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது: அனுமதிக்கப்பட்ட குறிப்புரையையே தொகையின் மேல் ஒட்டி வேறு தொகையைக் காட்டிவிடலாம். ஆகவே நிலை 2. ஆனால் அதே ஆய்வு நிலை 2-இலும் ஓர் ஓட்டையைக் காட்டியிருந்தது: புதிய கையொப்பப் புலம் ஒன்றைச் சேர்த்து, அதன் தோற்றத்தால் பக்கத்தை மறைக்கலாம். இதற்காக, முத்திரையிடும் நிரல் கோப்பிலுள்ள கையொப்பப் புலங்களின் பெயர்களையும் இடங்களையும் மூலப் படிவத்தோடு ஒப்பிடுகிறது. அதிகப்படியாக ஒன்று இருந்தாலும் முத்திரை கிடையாது.

நிலை 2-இல் குறிப்புரைக்கு இடமில்லை என்பதால், ஒட்டுக் குறிப்பில் எழுதிப் பழகிய துறைத் தலைவர்களுக்காக ‘குறிப்பு’ புலம் பல வரிகள் கொள்ளுமாறு பெரிதாக்கப்பட்டது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அவர்கள் வேறு வழி தேடியிருப்பார்கள். அச்சிட்டு எழுதிய கணக்கு அலுவலர்கள் செய்தது அதைத்தான்.

நீண்டகாலச் செல்லுபடிக்கு, ஐரோப்பியத் தரமான ஈஎன் 319 142 பிடிஎஃப் ஒப்பங்களுக்கு வரையறுக்கும் பேடெஸ் படிநிலைகளைப் பின்பற்றினார்கள். ஒவ்வொருவரின் ஒப்பத்திலும் இணையத் தரமான ஆர்எஃப்சி 3161 வகை நேரமுத்திரை சேர்ந்தால் அது பி-டி நிலை. சர்வர் நிரல் முத்திரையிட்டதும் எல்லாச் சான்றிதழ்ச் சங்கிலிகளையும் (சான்றிதழும் அதை வழங்கியவர்களின் சான்றிதழ்களும்), அவை ரத்தாகவில்லை என்பதற்கான ஓசிஎஸ்பி பதில்களையும் (ஒரு சான்றிதழின் நிலையைக் கேட்டுப் பெறுபவை) சிஆர்எல் பட்டியல்களையும் (ரத்தான சான்றிதழ்களின் பட்டியல்) கோப்பிலேயே சரிபார்ப்புத் தரவுக்கான டிஎஸ்எஸ் பகுதியில் சேர்த்தால் பி-எல்டி நிலை. நேரமுத்திரைச் சான்றிதழ் காலாவதியாகும் முன் முழு ஆவணத்துக்கும் மீண்டும் ஒரு நேரமுத்திரை வைத்தால் பி-எல்டிஏ.

நேரமுத்திரையைப் பயனரின் விருப்பத்துக்கு விடவில்லை. கையொப்பப் புலத்தில் முன்விதிகளைப் பதிக்க முடியும். சீட் வேல்யூ என்பார்கள். ஹாஷ் முறை ஷா-256 அல்லது அதற்கு மேல், சான்றிதழை வழங்கியவர் இன்னார், நேரமுத்திரை சர்வரின் முகவரி இது, அது கட்டாயம் ஆகிய நான்கும் பதிக்கப்பட்டன. ஒரே ஷா-1 ஹாஷ் தரும் இரண்டு வேறு பிடிஎஃப் கோப்புகளை 2017-இலேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள் என்பதால் ஷா-1 க்கு இடமே இல்லை. கட்டாயம் என்று வைத்ததற்கு ஒரு விலை உண்டு: இணையம் இல்லாத இடத்தில் ஒப்பமிட முடியாது. நேரமுத்திரை இல்லாத ஒப்பம் பின்னாளில் நிலை தெரியாமல் நிற்பதைவிட, அன்றே ஒப்பமிட முடியாமல் போவது மேல் என்று தெரிந்தே முடிவெடுத்தார்கள்.

வரவு எண் கோப்பில் பதிக்கப்படுவது நின்றது. எண்ணும் கோப்பின் ஷா-256 ஹாஷும் பதிவேட்டில் ஏறுகின்றன. கோப்பை எதுவும் தொடுவதில்லை.

அமைத்த வரிசை

இங்கே வரிசை முக்கியம். சான்றுறுதி செய்தபின் புலத்தின் பண்பு எதையும் மாற்ற முடியாது.

1. புலங்கள், கணிப்பு ஸ்கிரிப்டுகள், எழுத்துருக்கள் முடிந்தபின் ஐந்து கையொப்பப் புலங்கள் வைக்கப்பட்டன: சான்றுறுதி, மூன்று ஒப்பங்கள், முத்திரை.
2. ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் பட்டியல் தரப்பட்டது. புலப் பெயர்களுக்கு ‘கோரு’, ‘ஒப்பு’, ‘கணக்கு’ என முன்னொட்டு வைத்ததால் பட்டியலில் விடுபடல் எளிதில் கண்ணில் பட்டது.
3. முன்விதிகள் பதிக்கப்பட்டன.
4. சேமித்து, மூடி, மறுபடி திறந்து, பூட்டுகளும் முன்விதிகளும் நிலைத்துள்ளனவா என்று பார்க்கப்பட்டது.
5. நேரமுத்திரையோடு நிலை 2 சான்றுறுதி இடப்பட்டது.
6. சரிபார்க்கும் கணினிகளில், சங்கிலியின் உச்சியிலுள்ள ரூட் சான்றிதழ் நிறுவப்பட்டு, சரிபார்ப்பு நேரமாக ஒப்பத்தில் உள்ள நேரமுத்திரையின் நேரம் தேர்வு செய்யப்பட்டது. அதுவரை ஊழியர்கள் ஒவ்வொருவரின் சான்றிதழையும் தனித்தனியே நம்பத்தக்கதாகக் குறித்து வந்தார்கள்; அந்தக் குறிகள் நீக்கப்பட்டன.

சோதனை இம்முறை மூன்று வெவ்வேறு கணினிகளில், மூன்று வெவ்வேறு நாள்களில் நடந்தது. ஒவ்வொருவரும் தன் முறை வந்தபோதுதான் தன் புலங்களை நிரப்பினார்கள். பிறகு கெடுத்துப் பார்க்கும் சோதனைகள்: பூட்டிய விலையை ஸ்கிரிப்டால் மாற்றுவது, பக்கம் செருகுவது, ஒட்டுக் குறிப்பு இடுவது, கோப்பை அழுத்திச் சிறிதாக்குவது. ஒவ்வொன்றிலும் எச்சரிக்கை வந்த பிறகே படிவம் வெளியிடப்பட்டது. முறியாத ஒப்பத்தைப் பார்ப்பது பாதிச் சோதனைதான்; முறிய வேண்டிய இடத்தில் முறிகிறதா என்பது மறுபாதி.

பின்னர் நடந்தவை

முதல் ஒப்பம் முறியும் புகார் நின்றது. நிறுத்தி வைக்கப்பட்ட கோரிக்கையில், ஒப்பமிட்ட பதிப்பையும் இறுதிப் பதிப்பையும் அருகருகே காட்டி, தொகை மாறவில்லை, தேதி ஒன்றே மாறியது என்று எழுத்தில் பதிவு செய்யப்பட்டது. துறைத் தலைவர் மீதான ஐயமும் அதே பதிவில் நீக்கப்பட்டது.

பழைய கோப்புகளில் தேதியால் முறிந்தவற்றுக்கு, ஒப்பமிட்ட பதிப்பு பிரித்தெடுக்கப்பட்டு இறுதிப் பதிப்போடு சேர்த்துக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. வரவு முத்திரையால் கெட்டவற்றுக்கு அனுப்பியவர்களின் மின்னஞ்சலில் மூலக் கோப்பு கிடைத்தது. அச்சிட்டு உருவான கோப்புகளுக்கு வழியே இல்லை. மறுபடி ஒப்பம் வாங்க வேண்டியதாயிற்று.

புதிய சிக்கல்களும் வந்தன. முத்திரை இடும் நிரல் சில நாள்களில் பிழை தந்து நின்றது. ஒப்பத்தை எழுதக் கோப்பில் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். நிரலில் அது 8192 பைட். சான்றிதழ்ச் சங்கிலியும் நேரமுத்திரையும் அதற்குள் அடங்கின. ஆனால் ஓசிஎஸ்பி பதில் கிடைக்காத நாள்களில் நிரல் முழு சிஆர்எல் பட்டியலையும் ஒப்பத்துக்குள்ளேயே திணிக்கப் பார்த்தது. பட்டியல் ஒதுக்கிய இடத்தைவிடப் பெரியது. ஒதுக்கீட்டை 16384 ஆக்கியதோடு, சிஆர்எல் எப்போதும் பிறகு சேரும் டிஎஸ்எஸ் பகுதிக்கே போகுமாறு மாற்றினார்கள். அந்தப் பகுதி கோப்பின் வாலில் சேர்வதால் அதற்கு முன்ஒதுக்கீடு தேவையில்லை.

இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. ஒருவர் கைபேசிச் செயலி ஒன்றில் ஒப்பமிட்ட கோப்பு, எல்லாம் சரியெனக் காட்டியது. ஆனால் பூட்டு விழவே இல்லை. பூட்டுப் பட்டியல் புலத்தில் இருந்தாலும், ஒப்பமிடும் மென்பொருள் அதைப் படித்துத் தன் ஒப்பத்துக்குள் எழுதினால்தான் அது நடைமுறைக்கு வரும். முன்விதிகளுக்கும் இதே நிலைதான்; அவற்றை மதிக்காத மென்பொருள்கள் உண்டு. இப்போது சர்வர் நிரல் ஒவ்வொரு ஒப்பத்திலும் மூன்றைப் பார்க்கிறது: பூட்டு விதி உள்ளதா, புலப் பட்டியல் மூலப் படிவத்தோடு பொருந்துகிறதா, நேரமுத்திரை உள்ளதா. இல்லையெனில் காரணத்தோடு திருப்பி அனுப்புகிறது.

ஒப்பமிட்டபின் விலைப்பட்டியலை இணைக்க முயன்று முறித்தவர்களும் இருந்தார்கள். கோப்பு இணைப்பதும் நிலை 2-இல் அனுமதி இல்லாத மாற்றம். இணைப்புகள் தனிக் கோப்புகளாக அனுப்பப்பட்டு, அவற்றின் ஷா-256 ஹாஷைக் கோருபவர் ஒப்பமிடும் முன் ஒரு புலத்தில் ஒட்டும் ஏற்பாடு இப்போது உள்ளது. நாற்பதாயிரம் வரிகளில் ஒரு எழுத்து பிசகினாலும் ஹாஷ் காட்டிக்கொடுக்கும். ஆனால் 64 எழுத்துகளை வெட்டி ஒட்டுவது எல்லோருக்கும் கைவருவதில்லை. இது தற்காலிக ஏற்பாடுதான்.

மாற்ற வேண்டியவை

ஒப்ப வரிசையைப் படிவம் தானாகக் காப்பதில்லை. கோருபவர் ஒப்பமிடும் முன்பே துறைத் தலைவர் ஒப்பமிட்டால் பூட்டு எதுவும் தடுக்காது. இப்போதைக்கு, படிவத்தை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அனுப்பும் மென்பொருள், முந்தைய ஒப்பம் இருந்தால் மட்டும் நகர்த்துகிறது. நேரமுத்திரைகளின் வரிசையையும் சர்வர் நிரல் ஒப்பிட வேண்டும். அது இன்னும் சேர்க்கப்படவில்லை.

சான்றுறுதிக்குப் பயன்பட்ட சான்றிதழ் காலாவதியாகும் முன் வெற்றுப் படிவத்தைப் புதிதாக வெளியிட்டாக வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் யார், எத்தனை நாள் முன்னதாக என்பது பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பி-எல்டிஏ புதுப்பிப்பும் இப்போது ஒருவரின் நினைவை நம்பியே நடக்கிறது. காப்பகத்தில் உள்ள ஒவ்வொரு கோப்பின் கடைசி நேரமுத்திரைச் சான்றிதழும் எப்போது முடிகிறது என்று பார்த்து, முடிவுக்கு ஓராண்டு முன்பே புதிய நேரமுத்திரை வைக்கும் நிரல் எழுதப்பட்டு வருகிறது.